வெளிச்சம் கூடிப்போன படங்கள்

"ஒரு மூஞ்சிகூட இல்லையே. பேயையா எடுத்துட்டு வந்தீங்க?"

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை ஃபோட்டோகிராஃபர் பக்கம் திருப்பினார். திரை முழுக்க வெள்ளை. அடுத்த படமும் வெள்ளை. அதற்கடுத்ததில், சுண்ணாம்பு அடித்த சுவரில் யாரோ கரி தேய்த்த மாதிரி நாலு நிழல்.

புது மெஷின் வந்தாலும், விருந்தாளி வந்தாலும், விபத்து நடந்தாலும் தொழிற்சாலையில் படம் எடுப்பது அவர்தான். முப்பது வருஷமாக ஃபிலிம் காமிரா. அதனால் எல்லோருக்கும் அவர் 'ரோல்'. டிஜிட்டல் காமிரா கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதிலும் ஆட்டோவில் வைத்து எடுக்க மாட்டார். வெளிச்சத்தை அளக்கிற வேலையையும் மெஷினிடம் விட்டுவிட்டால் தனக்கு எதற்குச் சம்பளம் என்பார். மேனுவலில் போட்டு எல்லா அளவையும் தானே வைப்பார்.

திங்கட்கிழமை காலை தொழிலாளர்கள் கேட் வாசலில் கூடி, சம்பள உயர்வு கேட்டுக் கோஷம் போட்டார்கள். ஒரு மணி நேரம்தான். பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். யார் யார் நின்றார்கள் என்று முகம் தெரிய எடுத்து வரும்படி மேனேஜர் ரோலை அனுப்பியிருந்தார். முகம் தெரிந்தால் வேலை போகும். அது எல்லோருக்கும் தெரியும். அவர் ஒவ்வொருத்தர் முகத்துக்கும் நேராகக் காமிராவை நீட்டினபோது, நல்லா எடு ரோலு, உனக்கு மெடல் குத்துவாங்க என்று கூட்டத்திலிருந்து குரல் வந்ததாம்.

"பின்னாடி திரை இருக்குல்ல, எடுத்ததும் பார்க்க மாட்டீங்களா?"

பார்த்துப் பழக்கமில்லை என்றார் ரோல். ஃபிலிம் காமிராவுக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது?

"நான் அளவைச் சரியாத்தான் வெச்சேன் சார். காமிராவுலதான் ஏதோ கோளாறு."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்படியானால் காமிராவையும் அதிலுள்ள மெமரி கார்டையும் வெளியே நிபுணரிடம் அனுப்பிச் சோதித்துவிடலாம் என்றார். கோளாறு இல்லை என்று வந்தால், வேண்டுமென்றே செய்ததாகத்தான் எழுத வேண்டியிருக்கும். வேலையும் போகும், பென்ஷனும் போகும்.

ரோல் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், கார்டிலிருந்து படங்களை இறக்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் வாயைத் திறந்தாள். ரோலின் அண்ணன் மகனுக்கு மனைவி அவள். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். இந்த வேலையே அவர் மேனேஜரிடம் நாலு தடவை நடந்து வாங்கிக் கொடுத்தது.

"காமிராவுல ஒண்ணுமில்ல சார், நான் பார்த்துட்டேன். மாமாவுக்கு மேனுவல் தெரியாது."

டீ கொண்டுவந்த ஆள்கூட டம்ளரை வைக்காமல் நின்றுவிட்டார்.

"ஃபிலிம்ல வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனாலும் பிரிண்ட் போடறப்ப சமாளிச்சிடலாம். அந்த நெனப்புல இதுலயும் தாராளமா விட்டிருக்காரு. இதுல வெளுத்தது வெளுத்ததுதான், மீட்கவே முடியாது. ஆறு மாசமாச் சொல்றேன், காதுல வாங்கல. வயசாயிடுச்சு சார் அவருக்கு."

ரோல் அவளை நிமிர்ந்து பார்த்தார். காமிராவைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.

மேனேஜர் சிரித்துவிட்டார். சொந்தக்காரர் என்று பார்க்காமல் உள்ளதைச் சொன்னாளே என்று பாராட்டினார். இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நிபுணர் எதற்கு என்றும் கேட்டுக்கொண்டார். மதியமே உத்தரவு வந்தது: ரோல் இனி குடோனில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவார். காமிரா அவள் பொறுப்பு.

வராந்தாவில் அவளைத் தாண்டிப் போனவர் நின்றார்.

"காமிரா வேணும்னு கேட்டிருந்தா நானே கையில குடுத்திருப்பேனேம்மா. அதுக்கு இப்படியா?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

குடோனுக்குப் போகும் வழியில் தொழிலாளர்களும் அவரைச் சும்மா விடவில்லை. காட்டிக்கொடுக்கிற வேலையைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை பார் என்று ஒருவன் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த வரிசையில் ஒருத்தருக்கும் வேலை போயிருக்கவில்லை.

வீட்டில் மாமியார் அவளோடு பேச்சை நிறுத்தினாள். புருஷன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க சித்தப்பாவை நாலு பேர் முன்னாடி முட்டாளாக்கித்தான் நீ மேல வரணுமா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சு ஒரு நாள் மேனேஜர் காதுக்கும் போய்விடும்.

மாமாவுக்கு உண்மையில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். டிஜிட்டல் காமிரா எடுக்கிற ஒவ்வொரு படத்தோடும், எத்தனை மணிக்கு என்ன அளவு வைத்து எடுத்தது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளும். கார்டில் முதல் படம், ஆள் வருவதற்கு முன் எடுத்துப் பார்த்த வெறும் கேட். பூட்டின் சாவித் துவாரம்வரை அத்தனை தெளிவு. இரண்டு நிமிடம் கழித்து, முதல் முகம் எதிரே வந்ததும், அவர் வெளிச்சத்தின் அளவை ஆறு படி ஏற்றியிருந்தார்.

அந்த முதல் படத்தை, கார்டு மேனேஜர் கைக்குப் போவதற்கு முன்பே அவள் அழித்துவிட்டிருந்தாள்.