இடைவேளைக்குப் பிறகு

“கப்பல் படம் பிரமாதம் மாப்ள. கடைசியில எல்லாரும் கரை சேர்றாங்க பாரு…” “யாரு கரை சேர்ந்தா? கேப்டனே மூழ்கிட்டான் மாமா.” அக்கா வீட்டுக்காரரும் தம்பியும் இப்படி முட்டிக்கொள்ள, நடுவில் உட்கார்ந்து அக்கா துணி மடிக்கிறாள். பஸ் டிரைவரான கணவர் எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளையோடு எழுந்து டியூட்டிக்குப் போய்விடுவார். மீதிக் கதையைப் பார்த்துவந்து வீட்டில் அவருக்குச் சொல்வது இவள் பொறுப்பு. “போலீஸ் படத்துல சண்டை சுமார். ஆனா அந்த அம்மா மகனோட சேர்ற இடம் அருமை.” “அந்தம்மா ஆஸ்பத்திரியிலயே செத்துடுச்சு.” “அப்ப டாக்டர் படம்?” “அதுலயும் பொண்ணு பொழைக்கல மாமா.” தம்பி சிரிக்கிறான். ஜன்னல் வெயில் தலையணை உறைமேல் விழுகிறது. மடித்த உறையையே பிரித்து அவள் மறுபடியும் மடிக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்புகிறார். “ஏம்மா, இத்தனை வருஷமா எனக்கு மட்டும் ஏன் எல்லாரையும் பொழைக்க வெச்ச?”