நாற்பத்திரண்டாவது துடிப்பு

கம்ப்யூட்டர் அறையில் ஏழு பேரும் திரைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்து மூளையில் பாதி இந்த ஏழு பேரிடம்தான் இருக்கிறது. அதிலும் முக்கால்வாசி என் மகளிடம். அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த என்னைத் திரைக்கு முன் உட்காரவைத்துவிட்டாள். "நாங்க பாத்தாலே புட்டுக்குதுப்பா. நீங்க பாத்துச் சொல்லுங்க." திரையில் ஒரு செயற்கை இதய வால்வு, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு ஓட்டிக்காட்டும் படம். அதன் இரண்டு இதழ்களும் கதவுபோல அசைய, சிவப்பும் நீலமுமாக ரத்தம் சுழித்து ஓடுகிறது. இதழ்கள் ஒட்டும் இடத்தில் இடுக்கு சுருங்கிக் கணக்கே சிதறிவிடுகிறதாம். எட்டு மாதத்தில் நாற்பத்தொரு தடவை. இன்றும் சிதறினால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். ஏசி உறுமுகிறது. மகளின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போடுகின்றன. "என்னப்பா ஆச்சு?" "கம்முனு இரு பாப்பா. ஒரு கோடிப் பேர ஏத்தி எறக்கின கண்டக்டர் நான். கதவப் பத்தி எனக்கா தெரியாது?" இதழ்கள் நெருங்குகின்றன. நடுவே மயிரிழையாக ஒரு நீலக்கோடு. அதுவும் மெலிந்து மறைகிறது. கதவு மூடிக்கொள்கிறது. எதுவும் சிதறவில்லை, ஒரு சுழல் மட்டும் சோம்பலாகப் புரண்டு படுக்கிறது. ஓய்வுபெற்றதை என் தொண்டை மறந்துவிடுகிறது. "போலாம் ரைட்!" ஏழு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. "நெசமாவாப்பா?" "ஃபுட்போர்டுல ஒரு சொட்டுகூடத் தொங்கல!" மகள் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். அடுத்த துடிப்புக்கு இதழ்கள் திறக்கின்றன. இந்த முறை யாருமே சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.