மாமி போட்ட சத்தம்

“என்னைத் தொடாதேங்கோ மாமி!”

சொன்னதோடு நிற்கவில்லை பிரசாந்தினி. கட்டிப்பிடிக்க வந்த சிவகௌரி மாமியின் கையைத் தட்டியும் விட்டாள்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கலைவிழா. மண்டபம் நிறையச் சனம். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமி அப்படியே நின்றார். தாயை இழந்த பிரசாந்தினிக்குச் சோறு ஊட்டி, தலை இழுத்துப் பின்னிவிட்டு, வளர்த்து ஆளாக்கியவர் அவர். ஷிப்ட், ஷிப்ட் என்று அவள் மாமி வீட்டுப் பக்கம் வந்தே பல மாதமாகிவிட்டது. இங்கே கண்டதும் ஆசையில் ஓடி வந்திருந்தார்.

பிரசாந்தினியால் காரணம் சொல்ல முடியாது. அவளுடைய கோட்டுக்குள், வலது இடுப்பில், ஒரு கைத்துப்பாக்கி இருந்தது.

சட்டப்படிதான் இருந்தது. லண்டன் தெருவில் ரோந்து வரும் சாதாரணப் பொலிஸ்காரரிடம்கூடத் துப்பாக்கி கிடையாது. பிரசாந்தினியோ முக்கியமானவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் பிரிவில், சீருடை போடாமல் வேலை பார்ப்பவள். விழாவுக்கு வந்திருந்த எம்.பி.க்குச் சில நாளாகக் கொலை மிரட்டல். அவரோடு வரவேண்டிய அதிகாரிக்குத் திடீரென்று காய்ச்சல். கடைசி நேரத்தில் இவளை அனுப்பிவிட்டார்கள்.

ஆயுதம் இருப்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது உத்தரவு. வீட்டில்கூட, ‘பொலிஸில் கம்ப்யூட்டர் வேலை’ என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

இந்தப் பிரிவுக்கு வந்த பிறகு உடம்பின் பழக்கமெல்லாம் மாறிவிட்டது. ஒரு சைஸ் பெரிய காற்சட்டை. எந்த வெயிலுக்கும் கோட். கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்தால் கோட் மேலேறிக் காட்டிக்கொடுத்துவிடும்; குந்தித்தான் எடுக்க வேண்டும். டொய்லெட்டில் பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். வலது கை எப்போதும் சும்மா இருக்க வேண்டும். பை, போன், தேநீர் எல்லாம் இடது கைக்கு.

சற்று முன்புகூட ஒரு அக்கா ஆசையாக நீட்டிய வடையை இடது கையால் வாங்கி, ஒரு முறைப்பையும் சேர்த்து வாங்கியிருந்தாள்.

“ஓகோ! நான் தொட்டால் தீட்டோ உனக்கு?”

மாமியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“மாமி, மெல்லக் கதையுங்கோ...”

“ஏன் மெல்லக் கதைக்க? எல்லாரும் பாருங்கோ! நான் வளர்த்த பிள்ளை இது! எம்.பி.க்குப் பக்கத்தில நிக்கிற பவுசு வந்தவுடனே நாங்கள் நாறுறம் போல!”

பிரசாந்தினிக்கு முகம் எரிந்தது. ஆனால் கண்ணை மாமியின் மேல் வைத்திருக்க முடியவில்லை. மேடையோரம் எம்.பி. பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் புதிதாக இரண்டு பேர் நுழைந்தார்கள். பக்கக் கதவை யாரோ திறந்து விட்டிருந்தார்கள்.

“எடியே பிரசா!”

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த துஷ்யா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

மாமி குறுக்கே புகுந்தார். “போகாதை பிள்ளை. உன்னையும் தள்ளி விழுத்துவாள்.”

துஷ்யாவின் கைகள் தாழ்ந்தன. ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு விலகிப் போனாள்.

அடுத்து பாலேந்திரா அண்ணை, பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இந்தா, அன்ரியிட்டப் போ...”

“குடுக்காதேங்கோ அண்ணை! அவவின்ர கோட்டு கசங்கிப்போம்!”

அவரும் திரும்பிவிட்டார்.

அதோடு விட்டாரா மாமி? எம்.பி. மண்டபத்தை விட்டுக் கிளம்பும் வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. புதிதாக யார் வந்தாலும் வலியப் போய்ச் சொன்னார்.

“வளர்த்தவவுக்கே இப்பிடியோ?” என்றார்கள் சிலர்.

“சிவகௌரியும் சபையில இப்பிடி மானத்தை வாங்கலாமோ? பெத்த தாயெண்டால் செய்வாளோ?” என்றார்கள் வேறு சிலர்.

கடைசியில் பிரசாந்தினியைச் சுற்றி ஒரு ஈ காக்காய் இல்லை. அந்த வெறுமைக்கு நடுவில் நின்று, கதவுகளையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி, கண்ணைத் துடைத்தாள். அதையும் இடது கையால்தான்.

வேலை முடிந்து துப்பாக்கியை ஒப்படைத்த பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. ‘பெத்த தாயெண்டால் செய்வாளோ?’ என்பதே காதில் நின்றது.

மறுநாள் லீவு. காலையிலேயே ஸ்ட்ரெதமில் இருக்கும் மாமி வீட்டு மணியை அடித்தாள். திறப்பாரா என்றே சந்தேகம்.

மாமி கதவைத் திறந்தார். அவளை உள்ளே இழுத்து, இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிரசாந்தினி உடைந்துபோனாள். “மன்னியுங்கோ மாமி. ஏன் அப்பிடிச் செய்தனான் எண்டு என்னால சொல்ல ஏலாது.”

“சொல்லாதை. நான் கேக்கேல்லையே.”

“ஆனா நீங்கள்... அவ்வளவு கோபமெண்டால் தனியக் கூப்பிட்டு ரெண்டு அறை போட்டிருக்கலாம்தானே? அத்தனை சனத்துக்கு முன்னால ஏன் மாமி அந்தக் கத்துக் கத்தினனீங்கள்?”

“கோபமோ? எனக்கோ?”

மாமி கதவைச் சாத்திவிட்டு, அவள் காதோரம் குனிந்து மெல்லச் சொன்னார்.

“நீ தட்டிவிட முதலே என்ர கை உன்ர இடுப்பில பட்டுட்டுது. ஊரில யுத்தத்துக்குள்ள இருந்தவளுக்கு அது என்னெண்டு விளங்காதோ? நான் மட்டும் அப்பிடிக் கத்தாமல் விட்டிருந்தால், அங்க நிண்ட சனமெல்லாம் உன்னைக் கட்டிப்பிடிக்க வந்திருக்குமே, பிள்ளை!”