கொக்கி மாட்டும் இடம்

மணலைக் கைகளாலேயே தோண்டிக்கொண்டிருந்தான்.

காரின் முன்சக்கரங்கள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. தோண்டத் தோண்டத் தேரி மேட்டின் சிவப்பு மணல் சரிந்து குழியை மூடியது. பிற்பகல் மூன்று மணி. மேகம் கவிந்திருந்தும் மணல் சுட்டது.

பார்வைக்கு ஜீப் போல உயரமான கார். அந்த உயரத்தை நம்பித்தான் தேரிக்குள் இறக்கினான். அடியில் அது வெறும் கார்தான்.

ஜெயக்கனி உடைமரத்தின் ஓரமாக நின்றாள். தம்பியின் மனைவி. தம்பி லிங்கதுரை இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

தேரிக்கு அந்தப் பக்கம் குடும்பத்தின் முந்திரித் தோட்டம். இன்று அதை அளக்க ஏற்பாடு. தம்பியின் பங்கோடு தன் பங்கையும் சேர்த்து அவள் பெயருக்கு எழுதிவைக்கப் போகிறான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

டிராக்டர் வந்தது. ஓட்டிவந்த வண்டிமலைக்கு ஐம்பது வயதிருக்கும். இறங்கியதும் கயிற்றின் கொக்கியோடு காரின் முன்னால் படுத்தார். அடியில் கைவிட்டுத் துழாவினார்.

“ஒரு வளையம் கெடக்கு அண்ணாச்சி. மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணுங்க.”

“அதுல மாட்டாதீங்க.”

“கெட்டியாத்தான் இருக்கு.”

“அது இழுக்கதுக்கு உள்ளது இல்ல. லாரியில ஏத்தும்போது வண்டி ஆடாம கட்டுறதுக்கு. மண்ணுல புதைஞ்ச வண்டிய அதைப் புடிச்சு இழுத்தா பிஞ்சிரும். பிஞ்சா நேரா ஆள் மேல வரும். கழத்துங்க. கழத்துங்க அண்ணாச்சி!”

கடைசிச் சொல் கத்தலாக வந்தது.

வண்டிமலை கொக்கியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். ஜெயக்கனி மரத்தடியிலிருந்து அவனையே பார்த்தாள்.

அவன் பின்கதவைத் திறந்தான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஜாக்கியோடு, ஒரு தடித்த இரும்பு. ஒரு முனையில் மரை, மறுமுனையில் வளையம். முன் பம்பரின் ஓரத்தில் சின்ன மூடி ஒன்று இருந்தது. சாவியால் நெம்பினான். உள்ளே துளை. எதிர்மரை; இரும்பை அதில் வைத்து இடப்பக்கமாகத் திருகினான். வீல் ஸ்பேனரைக் கொடுத்து, இனித் திரும்பாது என்னும்வரை முறுக்கினான்.

“இதுல மாட்டுங்க. நேரா இழுக்கணும். வெட்டி இழுத்துராதீங்க, மெதுவா.”

டயர்களில் பாதிக் காற்றை இறக்கினான். கயிற்றின் நடுவில் கனத்த ஜமுக்காளத்தை மடித்துப் போட்டான். அறுந்தாலும் கயிறு பறக்காமல் அமுக்கும்.

“கனி, அந்தப் பனை வரைக்கும் போயிரு. பக்கத்துல நிக்காத.”

அவள் போனாள்.

கார் ஒருமுறை நடுங்கியது. பிறகு மணலிலிருந்து அமைதியாக மேலே வந்தது.

டிராக்டரின் சத்தம் தேயும்வரை அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

இதெல்லாம் அவன் பிறகு படித்தது. தம்பியின் காரியம் முடிந்த வாரத்தில். மூன்று வருடமாகப் பிரிக்காமல் காருக்குள் கிடந்த புத்தகத்தில் எல்லாம் இருந்தது. எங்கே மாட்டலாம், எங்கே கூடாது என்று படம்கூடப் போட்டிருந்தது.

அன்றைக்கு இதே கார் புதைந்தது குளத்துச் சேற்றில். அன்றைக்கும் அடியில் கைக்குத் தட்டியது இதே போன்ற, மறுபக்கத்து வளையம்தான். லிங்கதுரை கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, இழு இழு என்று கையசைத்தான்.

வளையம் பிய்ந்து கயிற்றோடு பறந்தது.

இழுத்த வேன்காரர் கீழே இறங்கவே இல்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. போலீஸ் கேட்டபோது அவன் சொன்னான்: தம்பியேதான் கட்டினான். அப்பா கேட்டபோதும் அதையே சொன்னான். ஜெயக்கனி கேட்கவில்லை. அவளிடமும் சொன்னான்.

அவள் காருக்கு அருகில் வந்து நின்றாள்.

“இவ்வளவு தெரியுமா அத்தான் உங்களுக்கு?”

“பெறவு படிச்சேன்.”

காற்று வீசியது. சக்கரத் தடம் மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு நான்தான் கட்டுனேன், கனி.”

“தெரியும்.”

அவன் நிமிர்ந்தான்.

“நீங்க கட்டும்போதுதான அவிய எனக்குப் போன் போட்டாவ. அண்ணன் கயிறு கட்டிட்டு இருக்கான், அஞ்சு நிமிசத்துல வந்துருதேன்னாவ.”



“ஏன் இத்தன நாளா கேக்கல?”

“தெரியாமத்தான கட்டுனிய. அதுல நான் என்னத்தக் கேக்க?”

முந்தானையால் முகத்து மணலைத் துடைத்தாள்.

“ஆனா அவிய மேல ஏன் போட்டிய? மாமா சாகுற வரைக்கும், எம்புள்ள கூறுகெட்டவன், தானே கட்டித் தானே செத்தான்னு சொல்லிச் சொல்லித்தான் செத்தாவ. பக்கத்துல இருந்து கஞ்சி ஊத்துனிய நீங்க. ஒரு வார்த்தை சொல்லல.”

அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“அத்தை இன்னும் இருக்காவ. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

“தோட்டம்...”

“தோட்டம் எனக்கு வேண்டாம் அத்தான்.”

அவள் ரோட்டை நோக்கி நடந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒவ்வோர் அடியும் கணுக்கால் வரை புதைந்தது.

அவன் காரைத் திருப்பி, காற்றுக் குறைந்த டயர்களோடு, அவளுக்குப் பின்னால் மெதுவாகப் போனான்.

மணல் முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் அவள் நின்றாள். அவன் கை நீட்டி முன்கதவைத் திறந்துவைத்தான்.

பஸ் வந்தது. அவள் கை காட்டினாள்.

அது வளைவில் மறைந்த பிறகும் கார் அங்கேயே நின்றது. கதவு திறந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.