கவர்னர் சாப்பிட்ட வீடு

"இந்தக் கிண்ணம் கூடத்துக்கு வரக்கூடாதும்மா. எத்தனை தடவை சொல்றது?"

தாசில்தார் பரணிதரன் அடுக்களை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வேம்புவின் கையில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம்.

"எங்க வீட்டுக் கிண்ணம் எங்க வீட்டுக் கூடத்துக்கு வரக்கூடாதுங்களா?"

"கவர்னர் சாப்பாடெல்லாம் தஞ்சாவூர் ஓட்டல்லேருந்து வந்தாச்சு. டாக்டர் டெஸ்ட் பண்ணி ஓகே சொல்லியாச்சு. நீங்க பரிமாறினா போதும்."

"அப்ப பேப்பர்ல, 'ஏழை வீட்டுல சாப்பிட்டாரு'ன்னு போடுவாங்களே?"

"உங்க வீட்டுலதானேம்மா சாப்பிடப் போறாரு?"

வேம்புவுக்கு எரிச்சல்தான் வந்தது.

கவர்னர் பஞ்சநதம் இந்த மாவட்டத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் வெளிநாடுகளில் இந்தியத் தூதர். முகம் பார்க்க மறுத்த இரண்டு நாடுகளை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசியவர் என்று டிவியில் எல்லாம் சொன்னார்கள். ஓய்வு பெற்றதும் வடக்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக்கினார்கள். சொந்த மண்ணுக்கு வந்தவருக்கு, கீழத்தெருவில் ஒரு கூலி விவசாயி வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட ஆசை வந்துவிட்டது. அதிகாரிகள் தெருவை அலசினார்கள். தளம் போட்ட வீடு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, கார் திரும்ப இடம் என்று பார்த்ததில் வீரையன், வேம்பு தம்பதியின் வீடு மாட்டியது. ஒரே நாளில் வெள்ளையடித்து, வாடகை சோபாவும் ஏர்கூலரும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

மகன் வளவன் காலேஜ் வாத்தியார். "இதெல்லாம் நாடகம்மா. அந்த ஆள் முகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்று காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மருமகள் மேகலா அப்படியில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பிடிகருணையை வேகவைத்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் தாளித்து, எலுமிச்சை பிழிந்து மசியல் செய்திருந்தாள். நாக்கு அரிக்கிறதா என்று தானே இரண்டு முறை ருசி பார்த்தாள். "ஒரு வாயாவது அவரைச் சாப்பிட வச்சிடுங்கத்தை" என்று கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்சத்திடம் போய்விட்டாள். போலீஸ், கேமரா என்றால் மருமகளுக்கு ஆகாது என்று வேம்பு எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

"சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார் வீரையன்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். அவர் இதுல ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்."

கார்கள் வந்தன. கவர்னர் சோபாவை ஒதுக்கிவிட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கேமராக்கள் மொய்த்தன.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். உங்க வீடு, எங்க வீடுன்னு பிரிச்சுப் பாக்கறது எனக்குப் பிடிக்காது" என்றார். பரணிதரன் முதல் ஆளாகக் கை தட்டினார்.

வேம்பு ஓட்டல் சாம்பாரை ஊற்றினாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒரே மகன்ங்க. மருமக, ஒரு பேத்தி. ஐயாவுக்குங்க?"

"ஒரு பையன். அமெரிக்காவுல இருக்கான்."

"ஒருத்தர்தானுங்களா?"

"ஒருத்தன்தாம்மா."

வேம்பு ஊற்றிய சாம்பார் இலைக்கு வெளியே வழிந்தது. பரணிதரன் முறைத்தார். அவள் சட்டென்று உள்ளே போய், அவர் தடுப்பதற்குள் கிண்ணத்தோடு வந்து கவர்னர் முன்னால் குனிந்தாள்.

"ஐயா, இது ஒண்ணுதாங்க இந்த வீட்டுல செஞ்சது. பிடிகருணை மசியல். எங்க மருமக கையால வச்சது. ஒரு வாய்..."

கவர்னரின் கண்கள் ஒரு கணம் அந்த மசியலிலேயே நின்றன. அதற்குள் பரணிதரன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கவர்னர் புன்னகை மாறாமல் தலையசைத்தார்.

"பேஷா வைங்கம்மா."

வேம்பு இலையில் வைத்தாள். கவர்னர் கொஞ்சம் எடுத்து உதடு வரைக்கும் கொண்டுபோனார். எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் மின்னின. மின்னி முடிந்ததும் விரல்கள் இறங்கி, மசியலை இலையின் ஓரத்தில் சோற்றுக்கு அடியில் தள்ளின. எத்தனையோ நாட்டு விருந்துகளில் வேண்டாததை வேண்டாமென்று சொல்லாமலே ஒதுக்கிப் பழகிய கை அது. பக்கத்தில் நின்ற வேம்புவைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை.

"பிரமாதம்! உங்க மருமகளுக்கு என் ஆசீர்வாதம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சாப்பிடாவிட்டால் போகிறது, சாப்பிட்ட மாதிரி நடிக்காமலாவது இருந்திருக்கலாம்.

கார்கள் போயின. சோபாவும் ஏர்கூலரும் வந்த வேனிலேயே திரும்பிப் போயின. வேம்பு அந்த இலையை இறுக்கி மடித்து, குப்பைக்கூடையின் அடியில் திணித்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது. மேகலா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சாப்பிட்டாராத்தை?"

வேம்பு அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"சாப்பிட்டாரும்மா. கேட்டு வாங்கி, ரெண்டு தடவை சாப்பிட்டாரு. உனக்கு ஆசீர்வாதம் சொன்னாரு."

மேகலா அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் செல்போனைத் தேடி எடுத்தாள்.

"அப்படின்னா என் கைப்பக்குவம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்த்தை... இவரைக் கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து என் போனை எடுக்காத எங்கப்பா, இப்ப எடுப்பாரு இல்ல?"