வீரன் கடித்த கால்

“உன்ர நாய் என்ர காலைக் கடிச்சுப் போட்டு. இண்டைக்கு அதுக்கு ஊசி போடாட்டி நான் பொலிசுக்குப் போவன்.”

காலையிலேயே கோணாமலை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலில், முழங்காலுக்குக் கீழே, பெரிய துணிக்கட்டு.

கண்ணகை அசரவில்லை.

“என்ர வீரனா கடிச்ச? வெடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ பூருற நாய் அது.”

“அதுதான் கடிச்ச. சங்கக்கடைக்கு ஊசி வான் வந்து நிக்கி. கூட்டிக்கொண்டு வா.”

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வளவு. நடுவில் கிடுகு வேலி. அதை அரை முழம் தள்ளிக் கட்டியது அவரா அவளா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

குருக்கள்மடம் ஊருக்கு வருஷா வருஷம், நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட, ஊசி வான் வரும். கண்ணகை வருஷா வருஷம் வீரனைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்துவாள்.

படலைக்கு வந்து கேட்கும் ஊசி மிஸ்ஸிடம்: “இஞ்ச நாய் இல்ல.”

உள்ளே வீரன் குரைக்கும்.

“அது பக்கத்து வளவு நாய்” என்பாள்.

பக்கத்து வளவில் நாய் என்ன, ஒரு கோழிகூட இல்லை. கோணாமலையும் அவர் தோணியும்தான்.

அவளுக்கு ஒரு பயம். விசர்நாய் ஊசி போட்டால் நாயின் சூடு தணிந்துவிடும், பிறகு கள்ளனுக்கும் வாலாட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மகள் கட்டார் நாட்டில் வேலை. வீட்டில் அவளும் வீரனும்தான். அதுவும் கொஞ்ச நாளாகக் காலைச் சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. இந்த நிலையில் ஊசி வேறா?

ஆனாலும் பொலிஸ் என்றால் பொலிஸ். சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் இடையில் கிறுகித் திரும்பிவிடாமல் கோணாமலை நொண்டி நொண்டிப் பின்னாலேயே வந்தார்.

வரிசையில் நின்றவர்களுக்குச் செய்தி முன்னமே வந்திருந்தது.

“பாவம் வீரன்” என்றான் ஜெயந்தன். “கடிக்கிறதுக்கு அதுக்கு வேற ஆள் கிடைக்கல்ல.”

மிருக வைத்திய அலுவலகத்திலிருந்து வந்த விதுர்ஷா மிஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள். கோணாமலை முந்திக்கொண்டார்.

“நல்லாப் போடுங்க மிஸ். என்னைக் கடிச்ச நாய்.”

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

“கடிச்ச நாயா? அப்ப இண்டைக்குப் போடேலா. ரெண்டு கிழமை கட்டி வச்சுப் பாக்க வேணும். நீங்க சவக்காரம் போட்டுக் கழுவின நீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போன நீங்களா?”

“சின்னக் கடிதான் மிஸ்.”

“சின்னக் கடியால வந்தாலும் விசருக்கு மருந்து இல்ல ஐயா. வான்ல ஏறுங்க. ஊசி உங்களுக்குத்தான்.”

கண்ணகைக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.

“அப்ப நான் நாயைக் கொண்டு போறன்.”

“நில்லுகா.” கோணாமலையின் குரல் இறங்கிவிட்டது. “மிஸ், அது கடிக்கல்ல.”

“என்ன?”

“கடிக்கல்ல எண்டுறன். அதுக்கு ஊசியப் போடுங்க.”

“முதல்ல கட்டை அவிழுங்க பாப்பம்.”

பழைய சாரத்துத் துணி சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. வரிசை முழுதும் சிரித்தது.

வீரன் அந்தக் காலை ஒருதரம் நக்கியது. பிறகு அவர் முன்னால் குந்தி, ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு, அவருடைய சாரத்து மடியையே பார்த்தது. கோணாமலை ஒரு பக்கமும் பார்க்காமல் மடியிலிருந்து ஒரு நெத்தலிக் கருவாட்டை எடுத்துப் போட்டார்.

காலைச் சோறு ஏன் கசந்தது என்று கண்ணகைக்கு இப்போது விளங்கியது.

“மறுகா என்னத்துக்குப் பொய் சொன்ன நீங்க?”

“இல்லாட்டி நீ கொண்டு வருவியா? என்ர வளவு நாய் எண்டு சொல்லி அனுப்பிப் போடுவாய். அங்கால ஊரில விசர்நாய் திரியுதாம். இதுக்கும் வந்தா முதல்ல கடிபடுற ஆள் நீ. மறுகா வேலிக்கு நான் ஆரோட சண்டை பிடிக்கிற?”

கடியும் இல்லை, இனிப் பொலிசும் இல்லை. வீரனைக் கூட்டிக்கொண்டு அவள் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். சங்கிலி கையில்தான் இருந்தது.

அதை அவரிடம் நீட்டினாள்.

“தலையை நீங்க பிடிங்க. உங்களுக்குத்தான் அது அடங்கும்.” பிறகு மெல்லக் கேட்டாள்: “ஊசி போட்டாலும் குரைக்குமா மிஸ்?”

“குரைக்கும் அம்மா. குசினிக்குள்ள விட்டுச் சாத்தினாலும் குரைக்கும்.”

ஊசி ஏறியது. வீரன் கத்தவில்லை. கோணாமலைதான் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவர் முன்னால் நடந்தார். பழக்க தோஷத்தில் இன்னும் நொண்டிக்கொண்டு. இப்போது இடது காலில்.

கண்ணகை பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அண்ணன், அடுத்த வருஷ ஊசிக்கு வீரன் எந்தக் காலைக் கடிக்க வேணும்? இப்பவே சொல்லி வையுங்க.”