ஐம்பத்தைந்து சிசி

“பெரிய மாடல் விமானத்துக்குப் பெட்ரோல் இன்ஜின் வேணும். எது நல்லாச் சத்தம் போடும்?” என்றான் ஆரப்பாளையம் மாடல் விமானக் கடைக்கு முதல்முறையாக வந்த ஜூடு.

“அம்பத்தஞ்சு சிசி,” என்றார் கடைக்காரர் அப்துல் வஹீது. “சைலன்சரைக் கழட்டிட்டா தெருவே எந்திரிச்சிரும்.”

“கழட்டிருங்க. பறக்க விடாம, நின்ன இடத்துலயே ஓட்டலாமா?”

“வாலைக் கட்டிப்போட்டு நாள் முழுக்க ஓட்டுங்க மாப்ள. லிட்டருக்கு முப்பது மில்லி ஆயில் கலந்தாப் போதும். ரெண்டு வருஷம் கேரண்டி.”

மறுநாள் காலை மொட்டைமாடியில் கிளம்பிய உறுமலில் வஹீதின் வாடகை வீடே அதிர்ந்தது. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் மனைவி அமீருன்னிசா.

“ஹவுஸ் ஓனர் மருமகன் ஜூடாம். காலி பண்ண மாட்டோம்னோம்ல, பண்ற வரைக்கும் ஓட்டுவாராம். அந்த இன்ஜின் எம்புட்டு நாளுங்க தாங்கும்?”

“ரெண்டு வருஷத்துக்கு ரிப்பேரே வராது,” என்றார் வஹீது, காதைப் பொத்தியபடி.